மூங்கில் தண்டவாளம்

“தண்டவாளம் எங்கலே?” என்று கேட்டாள் அம்பிளி.

அகில் கிணற்றடியைக் காட்டினான். புத்தம் புதிய சிவப்பு வாளி ஒன்று அங்கே இருந்தது.

“பழைய சாமான்காரனுக்குக் கொடுத்தாச்சு. அதுக்குப் பதிலா இதைத் தந்தான்.”

அவர்கள் இருவரின் அப்பாக்களும் ஷார்ஜாவில் ஒரே அறையில் தங்கியிருப்பவர்கள். இருவரும் சேர்ந்து ஒரே ஒரு பொம்மை ரயில் வாங்கினார்கள். பிள்ளைகள் சேர்ந்தே விளையாடட்டும் என்று எஞ்சினை அம்பிளிக்கும், தண்டவாளத்தை அகிலுக்கும் அனுப்பினார்கள். சாவி முறுக்கினால் ஓடும் பெரிய எஞ்சின் அது.

“கேக்காம எப்படிலே கொடுத்த?”

“எனக்க தண்டவாளம்தானே? மாமா கொண்டுவந்த கரண்டு ரயிலுக்குப் பாதை அதில பாதி அகலம்தான். நம்ம கிளாஸ் உண்ணிகிட்டயும் அதே ரயில்தான், ராபின்சன்கிட்டயும் அதே ரயில்தான். துண்டு குறைஞ்சா அவங்ககிட்ட வாங்கலாம். உனக்க எஞ்சின் இனி ஆருக்கு வேணும்? பழசாக்கும்!”

வெள்ளிக்கிழமை பள்ளியில் கண்காட்சி. எஞ்சின் ஓடுவதைப் படம் எடுத்து அனுப்புவதாக அப்பாவுக்கு எழுதிவிட்டாள் அம்பிளி.

களியிக்காவிளைச் சந்தை வரை ஓடிப் பார்த்தாள். பழைய சாமான்காரன் கையை விரித்தான். தண்டவாளம் உருக்குவதற்கே போய்விட்டதாம்.

மறுநாள் எஞ்சினை மட்டும் பள்ளிக்குக் கொண்டுபோனாள்.

“கண்காட்சியில ரயிலுக்கு ஒரு மேசைதான் உண்டு மக்களே. அதில ஒரு வட்டம்தான் கொள்ளும்” என்றார் சரோஜம் டீச்சர்.

அதில் அகிலின் சின்ன வட்டம் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. அம்பிளி அதன்மேல் தன் எஞ்சினை வைத்துப் பார்த்தாள்.

“எலே, ஆனை சைக்கிள் ஓட்டுது!” என்றான் உண்ணி. எல்லோரும் சிரித்தார்கள். அகில்தான் சத்தமாகச் சிரித்தான்.

அம்பிளி கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். பெரிய சக்கரங்கள் சின்னத் தண்டவாளத்துக்கு வெளியே, இரண்டு பக்கமும் மேசையைத் தொட்டு நின்றன.

அன்று மாலை கூடை முடையும் பொன்னையனிடம் போய் மெல்லிய மூங்கில் பட்டைகள் கேட்டு வாங்கினாள். மறுநாள் அவற்றை வளைத்து, சின்ன வட்டத்தின் உள்ளும் புறமும், பெரிய சக்கரம் ஓட இடம் விட்டு, மேசையில் ஆணி அடித்தாள்.

“என் பாதையைத் தொடாதே!” என்றான் அகில்.

“தொடல. உனக்கது உள்ள ஓடட்டும். எனக்க எஞ்சின் சக்கரம் அதுக்கு ரெண்டு பக்கமும் வெளிய ஓடும்.”

“ரெண்டும் முட்டாதா?”

“பாறசாலை ஸ்டேஷன்ல ஒரு வண்டி போற வரைக்கும் மத்தது நிக்கும்லா? அதுபோலத்தான். முதல்ல நீ விடு.”

வெள்ளிக்கிழமை அகிலின் ரயில் பத்துச் சுற்று ஓடியது. பிறகு அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, அதை எடுத்து ஓரம் வைத்தான். அம்பிளி சாவியை முறுக்கினாள். மூங்கிலுக்குள் கடகடவென்று கிளம்பியது பெரிய எஞ்சின். டீச்சர் படம் எடுத்தார்.

“ஒரு பாதையில ரெண்டு ரயிலா! ஆரு செஞ்சது?”

“நாங்க ரெண்டு பேரும்” என்று முந்திக்கொண்டான் அகில்.

அம்பிளி அவனை ஒரு பார்வை பார்த்தாள். “உள்ள இருக்கது அவனுக்கது டீச்சர். மூங்கில் நான் வச்சது.”

அகில் தலையைக் குனிந்துகொண்டான்.

சாயங்காலம் அவன் அவள் வீட்டு வாசலில் நின்றான். கையில் அந்தச் சிவப்பு வாளி.

“அம்மைகிட்ட கேட்டுட்டுதான் கொண்டுவந்தேன். தண்டவாளம் கிடைக்காதுல்லா. இதையாவது வச்சுக்க.”

அம்பிளிக்குக் கோபம் போகவில்லை. ஆனாலும் வாளியை வாங்கிக்கொண்டாள்.

“நாளைக்கு விளையாட வரட்டா?”

“வா.”

எஞ்சினும் மூங்கில் பட்டைகளும் இப்போது அந்த வாளியில்தான் இருக்கின்றன. சாவி மட்டும் அம்பிளியின் கழுத்தில் தொங்குகிறது.