சூடு போகும் இடம்

அந்த வட்டம் முதலில் பாட்டில் மூடி அளவுதான் இருந்தது. காரின் மற்ற கண்ணாடிகளெல்லாம் துடைத்து வைத்ததுபோலத் தெளிவாக இருக்க, பின்சீட்டின் இடப்பக்கக் கண்ணாடியில் மட்டும், அதுவும் உட்புறமாக, கொஞ்சம் ஆவி படிந்திருந்தது. யாரோ வாயைக் கிட்டே வைத்து ஊதிய மாதிரி. டிகிரி கதவைத் திறந்து துணியால் துடைத்தான். நேற்று மாலை பூட்டிய கார், இப்போதுதான் திறக்கிறான். துடைத்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வேலைக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பிவிட்டான்.

டிகிரி என்பது தெரு வைத்த பெயர். குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வையாளர். எதை நோக்கி அழுத்தினாலும் அதன் சூட்டை எண்ணில் காட்டும் சின்னத் துப்பாக்கி ஒன்று எப்போதும் அவன் இடுப்பில் தொங்கும். கிடங்கில் மீன் பெட்டிகளைச் சுடுவான். வீட்டுக்கு வந்தால் காபியைச் சுடுவான், குளிக்கிற தண்ணீரைச் சுடுவான். தூங்கும்போது மனைவியின் பாதத்தையும் சுட்டுப் பார்ப்பான் என்பது மாடிவீட்டு அக்கா சொல்லும் கூடுதல் தகவல். அவளுக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்டதில்லை.

"குளிர்னு ஒண்ணு கிடையவே கிடையாதுக்கா. சூடு இங்கேருந்து வேற எங்கயோ போகுது, அவ்வளவுதான்" என்பான் டிகிரி, கேட்காமலே.

"அப்ப எங்க வீட்டுச் சூடெல்லாம் உங்க வீட்டுக்குத்தான் வருது போல" என்பாள் அவள்.

சிரிக்கலாம்தான். ஆனால் மனைவியின் பாதத்தை அவன் சுட்டுப் பார்த்ததற்குக் காரணம் இருந்தது. கல்யாணமாகி ஏழு வருடம். இரண்டு முறை வயிற்றில் தங்கி, மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோயிருந்தது. இது மூன்றாவது, ஏழாம் மாதம். அவள் உடம்பு குளிரக் கூடாது, அலையக் கூடாது, பேருந்துக்காகப் பனியில் நிற்கக் கூடாது என்றுதான் அந்தப் பழைய காரையே வாங்கினான்.

விற்றவர் அடுத்த ஊர்த் தையல்காரர். காரின் பின்சீட்டில் கைக்குழந்தையை உட்கார வைத்துக் கட்டுகிற சின்ன இருக்கை ஒன்று அப்படியே இருந்தது. "இதை எடுக்க மறந்துட்டீங்களே" என்றான் டிகிரி. "அது காரோடயே இருக்கட்டும் சார்" என்றார் தையல்காரர், பின்பக்கம் திரும்பாமலேயே. வீட்டு வாசலில் நின்ற அவர் மனைவி ஒரு கையில் மட்டும் கம்பளி உறை போட்டிருந்தாள். ஒரு கைக்கு மட்டும் குளிருமா என்று டிகிரி கேட்டிருக்கலாம். எங்கள் தெருவில் வேறு யார் போயிருந்தாலும் கேட்டிருப்பார்கள். அவன் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கார் வந்த ஐந்தாம் நாள் ஹீட்டர் கெட்டது. சரியாகச் சொன்னால், கெடவில்லை. காற்று வந்தது, சத்தமும் வந்தது, சூடு மட்டும் வரவில்லை. மேட்டில் ஏறும்போது என்ஜின் சூட்டைக் காட்டும் ஊசி மட்டும் சிவப்புக் கோட்டைத் தொட்டுத் தொட்டு இறங்கியது. என்ஜின் கொதிக்கிறது, உள்ளே இருக்கிறவர்கள் நடுங்குகிறார்கள். மனைவி சால்வையை வயிற்றின்மேல் இரண்டாக மடித்துப் போட்டுக்கொண்டாள்.

பானட்டைத் திறந்து பார்த்தால், என்ஜின் சூட்டைத் தணிக்கிற கூலன்ட் குறைந்திருந்தது. நிரப்பினான். மறுநாளும் குறைந்திருந்தது. அட்டைப்பெட்டியைக் கிழித்து வண்டிக்கு அடியில் விரித்து வைத்தான். ஒழுகினால் காலையில் கறை தெரியும். தெருவே எட்டிப் பார்த்தது. அட்டை காய்ந்த அட்டையாகவே கிடந்தது.

கடைசியில் "பொறுங்க"விடம் கொண்டுபோனான். யார் எதைக் கேட்டாலும் முதலில் "பொறுங்க" என்று சொல்வதால் அந்த மெக்கானிக்குக்கு அதுவே பெயர். நல்ல கை. தெர்மோஸ்டாட்டை மாற்றினார். முன்சக்கரங்களை மேட்டில் ஏற்றி நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரை முழுசாகப் போட்டு, குழாய்க்குள் அடைத்திருந்த காற்றையெல்லாம் குமிழ் குமிழாக வெளியேற்றினார். ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார், தண்ணீர் கலக்கவில்லை. புகைக்குழாயில் கைவைத்து மோந்தார், அங்கேயும் கூலன்ட் வாடை இல்லை. பம்பை மாட்டி அழுத்தம் ஏற்றிவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து பார்த்தார். முள் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

"எங்கயும் ஒழுகல சார். ஆனா தினம் ஒரு பாட்டில் குடிக்குது" என்றார். "கைக்குழந்தை மாதிரி. மூணு மணி நேரத்துக்கு ஒருதரம் ஊட்டணும் போல."

டிகிரி சிரிக்கவில்லை. காருக்குள் தலையை நீட்டி மூச்சை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். ஹீட்டருக்குள் கசிந்தால் காருக்குள் ஒரு தித்திப்பு வாடை வரும் என்று பொறுங்க சொல்லியிருந்தார். வாடை இருந்தது. தித்திப்பும் இருந்தது. ஆனால் அதற்குள் இன்னொன்றும் இருந்தது, லேசாகப் புளித்த மாதிரி, பால் குடித்துவிட்டுத் தூங்குகிற வாயிலிருந்து வருகிற மாதிரி.

"உங்க துப்பாக்கியைக் கொடுங்க" என்றார் பொறுங்க. என்ஜினிலிருந்து ஹீட்டருக்குள் போகிற குழாயைச் சுட்டார். எண்பத்தெட்டு. திரும்பி வருகிற குழாயைச் சுட்டார். எழுபது இருக்க வேண்டும். அடைப்பிருந்தால் முப்பது, நாற்பது.

இரண்டு.

பட்டறைக்குள் ஒன்பது டிகிரி. வெளியே ஐந்து. குழாயோ இரண்டு.

பொறுங்க துப்பாக்கியைத் தட்டினார். மறுபடி சுட்டார். இரண்டு. "பேட்டரி போயிருக்கும்" என்று திருப்பிக் கொடுத்தார். அப்புறம் அவர் "பொறுங்க" என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே, "வேற இடத்துல காட்டுங்க சார். எனக்கு வேலை நிறைய கிடக்கு" என்றார். பட்டறையில் வேறு வண்டியே இல்லை.

வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது மாலை வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. எண்பத்தாறு டிகிரி எங்கேயோ போகிறது. எங்கே என்பதுதான் கேள்வி. கிடங்கில் இப்படி ஆனால் அவன் வரிசையாகச் சுடுவான், எந்தச் சுவர் தின்கிறது என்று கண்டுபிடித்துவிடுவான். அதே பழக்கத்தில் காருக்குள் உட்கார்ந்து சுட்டான். டேஷ்போர்டு: நான்கு. ஸ்டியரிங்: ஐந்து. பக்கத்து இருக்கை: நான்கு. கூரை: நான்கு. திரும்பிப் பின்சீட்டைச் சுட்டான். நான்கு.

கையைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினான்.

முப்பத்தாறு புள்ளி ஒன்பது.

சின்ன இருக்கை. காலியாக இருந்தது. பட்டைகள் இரண்டும் அவன் மாட்டிவைத்தபடியே குறுக்காக இருந்தன. அவன் எட்டி, துணியின்மேல் புறங்கையை வைத்தான். கதகதப்பு. இப்போதுதான் யாரையோ தூக்கிய இடம்போல, நடுவில் ஒரு சின்னக் குழிவோடு. பக்கத்துக் கண்ணாடியில் அந்த வட்டம் இப்போது சாஸர் அளவு இருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கொஞ்சம் சுருங்கியது. கொஞ்சம் விரிந்தது. சுருங்கியது.

இருக்கையைக் கழற்றிக் குப்பையில் போட்டிருக்கலாம். நான்கு கொக்கிகள்தான். முதல் கொக்கியில் விரலை வைத்துவிட்டான். அப்போதுதான் மனைவி கதவருகே வந்து நின்றாள்.

"என்னங்க பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல. இதைக் கொஞ்ச நாளைக்குக் கழட்டி வைக்கலாம்னு."

அவள் முகம் மாறியது. போன இரண்டு முறையும், வாங்கி வைத்த சின்னத் துணிகளை அவன்தான் அவளுக்குத் தெரியாமல் மடித்து எடுத்துக்கொண்டுபோய் யாரிடமோ கொடுத்துவிட்டு வந்தான். திரும்பி வந்தபோது அலமாரியின் முன் அவள் நின்ற நிலை அவனுக்கு இன்றைக்கும் மறக்கவில்லை.

"கழட்டாதீங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். வயிற்றின்மேல் கை இருந்தது.

விரலை எடுத்துவிட்டான். அந்த இடத்தில் நீங்களோ நானோ இருந்தாலும் எடுத்திருப்போம்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிப் பரிசோதனை. பேருந்தில் போகலாம் என்றான். பேருந்து மலைச்சாலையில் பனியால் நின்றுவிட்டதென்று மாடிவீட்டு அக்கா ஜன்னலிலிருந்தே செய்தி வாசித்தாள். "கார் வாங்கி வெச்சிருக்கிறது கழுவித் துடைக்கவா தம்பி?" என்றும் கேட்டாள். வாடகை வண்டிக்குப் போன் செய்தான். மதியத்துக்குமேல்தான் வரும் என்றார்கள். பரிசோதனை பத்து மணிக்கு. இரண்டு பாட்டில் கூலன்டைக் காலடியில் போட்டுக்கொண்டு கிளம்பினான். முன்சீட்டில் மனைவி, மூன்று சால்வைக்குள். பின்னால் யாரும் இல்லை. பின்னால் யாரும் இல்லை என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டான்.

மேடு ஏற ஏற மூடுபனி சாலையை விழுங்கிக்கொண்டே வந்தது. முன்விளக்கின் மஞ்சள் பத்தடிக்குமேல் போகவில்லை, துடைப்பான் கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்து முனகியது, தித்திப்பும் புளிப்புமான அந்த வாடை கழுத்துப் பட்டிக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. டேஷ்போர்டுக்குப் பின்னால் கூலன்ட் குழாயில் ஓடும் சத்தம் கேட்டது. சளசளவென்று அல்ல. ஒரு இழுப்பு, ஒரு இடைவெளி, ஒரு இழுப்பு. உறிஞ்சுகிற சத்தம். ஊசி சிவப்பைத் தொட்டது.

"என்னங்க, புகை வருது."

பானட் விளிம்பில் வெள்ளை ஆவி. பின்னால் லாரி ஒன்று ஹாரன் அடித்தபடி வந்தது. நிறுத்த இடமில்லாத குறுகல் வளைவு. கார் ஓட்டுகிற எல்லோருக்கும் தெரிந்த வழி ஒன்று உண்டு: என்ஜின் கொதித்தால் ஹீட்டரை முழுசாகத் திருப்பு, என்ஜின் சூட்டை அது இழுத்துக்கொள்ளும். டிகிரியின் கை தானாகப் போனது. குமிழைக் கடைசிவரை திருப்பினான்.

உறிஞ்சும் சத்தம் நின்றது.

பிறகு ஒரே இழுப்பு. நீளமாக.

ஊசி இறங்கியது. பாதிக்கு. கால்வாசிக்கு. நீலக் கோட்டைத் தாண்டி, அடி முளையில் போய் இடித்து நின்றது. என்ஜின் இருமியது. நின்றது. வளைவு முடிகிற இடத்தில், ஓர ஜல்லியில் கார் தானாக உருண்டு ஒதுங்கியது. லாரி ஒரு நிழலாகக் கடந்து போய்விட்டது. ஸ்டியரிங்கின்மேல் மெல்லிய பனித்தூள் பூத்திருந்தது. அவன் விரல்கள் அதில் ஒட்டின.

"என்னங்க."

"ம்."

"காலையிலேருந்து அசையவே இல்லைங்க." அவள் குரலில் பயமில்லை. தூக்கம்தான் இருந்தது. "எப்பவும் இந்த நேரத்துக்கு உதைப்பான்."

சால்வைகளை ஒவ்வொன்றாக விலக்கினான். துப்பாக்கியை எடுத்தான். சிவப்புப் புள்ளி அவள் வயிற்றின்மேல் ஆடி, நின்றது.

நான்கு.

மறுபடி அழுத்தினான். நான்கு. டேஷ்போர்டு. கூரை. கிடங்கில் மீன் பெட்டி. அவற்றைப் போலவே. நான்கு.

"எவ்வளவு காட்டுது?"

"முப்பத்தாறு" என்றான். "முப்பத்தாறு புள்ளி ஒன்பது."

"அப்ப சரி" என்று சிரித்தாள். உதடு நீலமாக இருந்தது. "எனக்குத்தான் குளிருது போல."

பின்னால் ஏதோ லேசாகக் கிறீச்சிட்டது. பட்டை இழுபடும் சத்தம். டிகிரி திரும்பவில்லை. தலைக்குமேல் இருந்த பின்பார்வைக் கண்ணாடியில் பின்சீட்டு ஜன்னல் தெரிந்தது. அந்த வட்டம் விரிந்தது. சுருங்கியது. விரிந்தது. முதலில் வேகமாக. இப்போது வயிறு நிறைந்த மாதிரி, மெதுவாக.

சாவியைத் திருப்பினான். ஒன்றுமில்லை. மறுபடியும். ஒன்றுமில்லை. கதவுப் பிடி உறைந்திருந்தது. தோளால் இடித்தான். இடித்தான். அசையவில்லை.

"என்னங்க." அவள் இடது கையை இருக்கைக்கும் கதவுக்கும் நடுவில் பின்னால் நீட்டியிருந்தாள். முகத்தில் ஏழு வருடமாக அவன் பார்க்காத ஒரு நிம்மதி. "இங்க மட்டும் எவ்வளவு கதகதப்பா இருக்கு."

"கையை எடு."

"ஏன்?"

"எடு!"

அவள் எடுக்கவில்லை. அவன் திரும்பினான்.

சின்ன இருக்கை காலியாகத்தான் இருந்தது. அதன்மேல், வெறும் காற்றில், அவளுடைய சுட்டுவிரல் லேசாக வளைந்து நின்றது. விரலைச் சுற்றித் தோல் வெளுத்து அமுங்கியிருந்தது. நான்கு சின்னப் பள்ளங்கள், அடியில் ஒன்று. யாரோ பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி. பிறந்த குழந்தைகள் பிடிப்பார்களே, அந்த மாதிரி, விடாமல்.

துப்பாக்கி அவன் கையில் இன்னும் அழுத்தியபடியே இருந்தது. சிவப்புப் புள்ளி அவள் மணிக்கட்டில் விழுந்திருந்தது.

இருபத்தொன்பது.

இருபத்தாறு.

அவள் விரலை மெதுவாக ஆட்டினாள், விளையாட்டுக் காட்டுகிறவள்போல.

இருபத்திரண்டு.