பதினான்காவது லினக்ஸ்

அலாரம் அலறியிருக்க வேண்டும்.

அலறவில்லை!

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் அசையாமல் கிடந்தாள். நர்ஸ் மேஜைக் கம்ப்யூட்டரில் இதயத்துடிப்பின் கோடு நேராக ஓடிக்கொண்டிருந்தது... சத்தமே இல்லாமல்!

கீழே வெந்நீர் வாங்கப் போயிருந்த கணவன் ஃபிளாஸ்க்கோடு வாசலில் நின்றான்.

"எழுந்திரும்மா..."

அவள் எழவில்லை.

மறுநாள் காலை. ஸாஃப்ட்வேர் கம்பெனி. இன்ஸ்பெக்டர் எதிரில் மேனேஜர் வியர்த்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் அவள் கணவன்.

"அந்த அலாரம் ஸாஃப்ட்வேர் உங்களுதா?"

"எங்களுதுதான் சார். கம்ப்யூட்டரை ஓட்டற அடிப்படை ஸாஃப்ட்வேர் லினக்ஸ்; ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலயும் ஒவ்வொரு லினக்ஸ். பதினாலு விதம். பதினாலுக்கும் ஏத்த மாதிரி அலாரத்தைத் தனித்தனியா பேக்கேஜ் பண்ணுவோம். பண்றது... இறந்துபோன அந்தம்மா. அதை டெஸ்ட் பண்றது அவங்க வீட்டுக்காரர், இதோ இவர்தான்!"

இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட்டைத் தூக்கி அவன் முன்னால் போட்டார்.

"பதினாலும் பாஸ். கீழே உங்க பேர். ஆஸ்பத்திரியில இருந்தது பதினாலாவது, பழைய லினக்ஸ். பொய் ரிப்போர்ட் எழுதிப் பொண்டாட்டியைக் கொன்னுட்டீங்களேய்யா!"

"இல்ல சார்!" குரல் உடைந்தது. "பதினாலாவது ஃபெயில்னுதான் போட்டேன். இன்ஸ்டால் ஆகுது... ஆனா சத்தம் வரல. அதுக்கான ஃபைல் அந்தப் பழைய லினக்ஸ்ல இல்ல. பேக்கேஜ்ல சேர்க்கணும்னு எழுதியே வெச்சேன்!"

"அப்ப மாத்தினது யாரு?"

இன்ஸ்பெக்டர் பார்வை மேனேஜர் மேல் பாய்ந்தது.

"ஐயோ, நான் இல்ல சார்! பாஸ்னு வந்துச்சு, புது வெர்ஷனை ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பிட்டேன். டெஸ்ட் முடிஞ்சுதேன்னு இவருக்கும் லீவு குடுத்தேன். சம்சாரம் படுத்திருக்காங்களேன்னு..."

மூலையில் இருந்த சைபர் போலீஸ்காரர் லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்தார்.

"மாத்தினது ஆஸ்பத்திரியில இருந்து சார்! மூணு நாள் முன்னாடி, சாயங்காலம் நாலு மணி. இவரோட பாஸ்வேர்டு!"

"நாலு மணிக்கு இவர் இங்கதான் சார் இருந்தார். என் ரூம்ல!" என்றார் மேனேஜர்.

இன்ஸ்பெக்டர் அவனிடம் குனிந்தார்.

"உங்க பாஸ்வேர்டு வேற யாருக்குத் தெரியும்?"

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அவளுக்கு... மட்டும்."

"மாத்தின இடத்துக்குக் கீழே ஒரு குறிப்பு இருக்கு சார்..." சைபர்காரர் மெதுவாகப் படித்தார். "'பதினாலாவதை இப்ப யாரும் வெச்சுக்கறதில்ல. நான் வந்து சரி பண்ணிடறேன். அதுவரைக்கும் அவர் என்கூட இருக்கட்டும்.'"

தான் படுத்திருந்த ஆஸ்பத்திரியில் ஓடுவதே அதுதான் என்று அவளுக்குத் தெரியாது!

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார்.

அவன் சிரித்தான். கண்ணீர் மோவாயிலிருந்து ரிப்போர்ட் மேல் சொட்டியது.

"பன்னிரண்டு வருஷமா அவ பேக்கேஜ்ல தப்பு இருந்தா அவளுக்குத்தான் சார் மெயில் போடுவேன்... இதை யாருக்குப் போடறது?"