மதர்போர்டுக்கு வைத்த பொட்டு

“தாட்சு, பீலா உடாதே! உன்னாண்ட ஏது கம்ப்யூட்டர்?”

வகுப்பில் ராணி இப்படிக் கேட்டதும் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “ஸ்கூல் கண்காட்சியில என் பேரையே கம்ப்யூட்டர் திரையில ஓட வெக்கிறேன், பாரு!” என்று சொல்லிவிட்டேன்.

வாய் இருக்கிறதே, அது சும்மா இருக்காது. பக்கத்து வீட்டு ஹில்டா அக்கா தருவதாகச் சொன்ன பழைய கம்ப்யூட்டர், கண்காட்சிக்கு முந்தின நாள் பார்த்துப் படுத்துக்கொண்டது.

ஹில்டா அக்கா பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். எங்கள் வீட்டு மேசையில் வைத்தே அதைப் பிரித்தாள். உள்ளே பச்சை மதர்போர்டில் மூன்று கண்டன்சர்கள் பூரி மாதிரி உப்பியிருந்தன.

“இதுங்கதான் கெட்டுப்போச்சு. புதுசு மாத்தணும். கோடு போட்டுக் கீது பாரு, அதான் மைனஸ் பக்கம். திருப்பி மாட்டினா வெடிச்சுடும். போர்டும் போயிடும்.”

பழைய போர்டு. பிளஸ், மைனஸ் என்று அதில் எதுவும் அச்சடிக்கவில்லை. பென்சிலால் குறித்தாலும் பதியவில்லை. நான் ஓடிப்போய், அம்மா கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்த பழைய ஸ்டிக்கர் பொட்டுகளை எடுத்து வந்தேன். ஒவ்வொரு கண்டன்சரிலும் கோடு இருந்த பக்கமாகப் பார்த்து, போர்டின் மேல் ஒவ்வொன்றாக ஒட்டினேன்.

“மூளைக்காரிடி நீ!” என்றாள் அக்கா. ஈயத்தை உருக்கி மூன்றையும் கழற்றினாள். புதுசு வாங்க இரண்டு பேரும் அம்பத்தூருக்குப் பஸ் ஏறினோம்.

திரும்பி வந்து பார்த்தால், ஒவ்வோர் இடத்திலும் இரண்டு இரண்டு பொட்டு!

“அம்மா! இன்னாம்மா பண்ணே?”

“வெள்ளிக்கிழமை அதுவுமா, ஒரு பக்கம் பொட்டு, ஒரு பக்கம் மூளியா இருந்துச்சுடி. புது அட்டை பிரிச்சு நானே வெச்சேன். அழகா இல்ல?”

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். எனக்கு அழுகை முட்டியது. கத்த வாயைத் திறந்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். பாவம், ஆசையாக அல்லவா வைத்திருக்கிறாள்!

எல்லாம் ஒரே மெரூன், ஒரே அளவு. எது என் பொட்டு? ராணி சிரிக்கப்போகிற சிரிப்பு இப்போதே காதில் கேட்டது.

புது அட்டை! அம்மா சொன்னது சட்டென்று நினைவுக்கு வந்தது.

“அக்கா, பெருசாக் காட்டுமே, உன் லென்ஸ், அத்தக் குடு!”

குனிந்து பார்த்தேன். ஒரு பொட்டின் ஓரத்தில் வெள்ளையாகப் பவுடர். அம்மாவின் நெற்றியில் இருந்துவிட்டு வந்த பொட்டு, என்னுடையது! பக்கத்தில் இருந்தது பளபளவென்று புதுசு.

“பவுடர் பூசின பொட்டுதான் மைனஸ்!”

அக்காவும் மூன்று இடத்திலும் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. புதிய கண்டன்சர்களின் கோட்டை அந்தப் பக்கமாக வைத்துப் பற்றவைத்தாள்.

ஸ்விட்சைப் போட்டபோது நான் காதைப் பொத்திக்கொண்டேன். வெடிக்கவில்லை. திரையில் பச்சை எழுத்து மினுக்கியது.

மறுநாள் கண்காட்சியில் என் பெயர் ஜோராக ஓடியது. ராணி மெதுவாகப் பக்கத்தில் வந்தாள்.

“மெய்யாலுமே ஓடுதே! என் பேரும் வருமா?”

“வா, நீயே அடி,” என்று இடம் விட்டேன்.

அந்தப் பக்கம் அம்மா டீச்சரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். “நான் பொட்டு வெச்சப்புறந்தான் டீச்சர் இது ஓடிச்சு!”

ஹில்டா அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“ஆமாம்மா, பொட்டாலதான்!” என்றேன் நான். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.