பத்தொன்பதாவது பெயர்

ரிசார்ட்டிலிருந்து திரும்பி வந்த பட்டியலில் பத்தொன்பது வரிசை எண்கள் இருந்தன. நஞ்சுண்டன் கொடுத்தது பதினெட்டுப் பெயர்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் மேலிருந்து எண்ணினார். தம் வீட்டார் ஒன்பது பேர், பெருந்துறைச் சம்பந்தி வீட்டார் ஒன்பது பேர். அவர் சொல்லச் சொல்ல மருமகள் அன்புச்செல்வி அடித்த பட்டியல் அது. பதினெட்டாவதாகச் சம்பந்தியின் தங்கை. அதற்குக் கீழே பத்தொன்பது என்ற எண். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. வயது இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் முப்பத்தைந்து என்று இருந்தது.

"ஏன் அம்மணி, இது யாரு?"

வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த கையோடு அன்புச்செல்வி வந்து எட்டிப் பார்த்தாள். "ஓட்டல்காரங்க தப்பா அடிச்சிருப்பாங்க மாமா. நான் அனுப்புனதுல பதினெட்டுத்தானுங்க."

"பேரில்லாத ஆளுக்கு வயசு எப்படி வந்துச்சு?"

"கம்ப்யூட்டருக்கு என்னுங்க தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

நஞ்சுண்டன் சிரிக்கவில்லை. அந்த ரிசார்ட் வேண்டாம் என்று அப்போதே முடிவு செய்தார்.

பிற்பகல் மூன்று மணி. கிணத்துக்கடவுக்கு வெளியே, தென்னந்தோப்பின் நடுவில் இருந்த அந்த வீட்டில் முன்பக்க அறையைத்தான் அவர் ஆபீஸாக வைத்திருந்தார். சன்னலுக்கு அப்பால், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று தென்னை ஓலைகளை ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தது. அந்த உரசலுக்குப் பின்னால் கயிறு மில்லின் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. காற்றோடு எப்போதும் வரும் ஊறிய மட்டையின் புளித்த வாடை இன்றைக்கும் வந்தது. ஆனால் அதற்கு அடியில் வேறொரு வாடையும் இருந்தது. ஈரமான, உப்புக் கரிக்கிற வாடை. அதை எங்கே முகர்ந்தோம் என்று யோசித்தார். இந்தப் பக்கத்தில் எங்கும் முகர்ந்ததில்லை.

போன மாதம் பேத்தி பிரவீனாவுக்கும் பெருந்துறை நிதீஷுக்கும் உப்புச்சக்கரை மாற்றி நிச்சயம் செய்துகொண்டார்கள். இலை எடுத்து முடிந்து வெற்றிலை போட உட்கார்ந்த இடத்தில் சம்பந்தி பேச்சை எடுத்தார். "கல்யாணத்துக்கு முன்னால ரெண்டு குடும்பமும் ஒண்ணா ஒரு வாரம் போயிட்டு வரோணுமுங்க. அந்தமான் போலாமுங்களா?" பிள்ளைகள் கை தட்டினார்கள். நஞ்சுண்டனுக்கு மட்டும் வாயிலிருந்த வெற்றிலை மண்ணாகிப் போனது. வேறு எந்த ஊராக இருந்தாலும் சரி என்றிருப்பார். வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் காரணம் கேட்பார்கள்.

"போலாமுங்க" என்றார். "ஓட்டல் பாக்கறது மட்டும் எங்க பொறுப்பு. பொண்ணு ஊட்டுக்காரங்க செய்யற மரியாதை."

போர்ட் பிளேரிலிருந்து எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளி ஒரு தீவில் தங்கிவிட்டுத் திரும்புவது. அதுதான் அவர் கணக்கு. மூன்று நாளாக அதற்காகவே அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க, ஓட்டல் பாக்கறதுக்கு மூணு நாளா?" என்று உள்ளேயிருந்து மனைவி சுப்பாத்தாளின் குரல் வந்தது. "என்னையப் பொண்ணு பாத்து முடிக்க அரை நாள் ஆகல உங்களுக்கு."

"அப்ப அவசரப்பட்டுத்தான் இப்படி ஆச்சு" என்றார். அவள் சிரித்தாள். அவருக்கு அந்தச் சிரிப்பு நின்றால் தேவலை என்றிருந்தது.

அவர்களுக்கு லோகப்பிரியா என்று ஒரு மகள் இருந்தாள். காய்ச்சலில் இறந்துபோனாள். சம்பந்தி வீட்டுக்கு அப்படித்தான் சொல்லியிருந்தது. விசாரிக்க வந்தவர்களிடம் ஊரும் அப்படியே சொன்னது. நஞ்சுண்டன் பேச்சை ஊர் தட்டாது. அதைப் பொய் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. பதினோரு வருடத்துக்கு முன்னால் கோயமுத்தூருக்கு வேலைக்குப் போனவள், வேற்றுச் சாதிப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட செய்தி வந்த வாரத்தில், பஸ் ஸ்டாப்பில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் கட்டினார். கல்லூரியில் எடுத்த படம், பிறந்த தேதி, இறந்த தேதி. பதினாறாம் நாள் காரியம் செய்து ஊருக்குச் சோறு போட்டார். அதன் பிறகு அவள் உயிரோடு எங்கே இருந்தாள் என்பது அவர் வீட்டுப் பேச்சல்ல. இப்போது அது வெளியே வந்தால் உப்புச்சக்கரை முறிந்துவிடும். ஓடிப்போன மகளைச் செத்ததாகச் சொல்லிப் பேத்தியைக் கட்டிக்கொடுத்த வீடு என்று பெருந்துறையிலிருந்து காரமடை வரை பேசுவார்கள். பிரவீனாவை அதற்குப் பிறகு யார் கேட்டு வருவார்கள்?

இரண்டாவது ரிசார்ட் ஹேவ்லாக் தீவில் இருந்தது. வெள்ளை மணல், வரிசையாக ஓலைக்கூரைக் குடில்கள், பச்சைக் கண்ணாடி போலக் கடல். பட்டியலை அவரே ஒரு விரலால் அடித்து அனுப்பினார். கால் மணி நேரத்தில் ஒருவர் கூப்பிட்டார். சஹீர் என்று பெயர் சொன்னார். குரலில் நல்ல மரியாதை.

"பத்தொம்பது பேருக்கு ஏழு காட்டேஜ் போட்டிருக்கேன் சார். மேடத்துக்கு மட்டும் தண்ணிக்குப் பக்கத்துல இருக்கறது."

"எந்த மேடம்?"

"உங்க டாட்டர் சார். வந்து பார்த்துட்டுத்தான் போனாங்க. அப்பாவுக்குப் படி ஏற முடியாது, கீழ் ரூம் குடுங்கன்னாங்க."

நஞ்சுண்டனுக்கு முழங்கால் வலி வந்தது சென்ற ஆண்டுதான்.

"எப்ப வந்தாங்க?"

"அடிக்கடி வருவாங்க சார்" என்றார் சஹீர், ஊர்க்காரரைப் பற்றிச் சொல்வதுபோல.

அவர் போனை வைத்தார். உள்ளங்கை நனைந்திருந்தது. வியர்வை என்று வேட்டியில் துடைத்தார். துடைத்த இடம் காய்ந்தபோது வெள்ளையாக ஒரு கோடு நின்றது.

யாரோ விளையாடுகிறார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும். சம்பந்தி வீட்டில் யாருக்கோ விஷயம் தெரிந்து ஆழம் பார்க்கிறார்கள். அப்படி நினைத்தபோது கோபம் வந்தது. கோபம் வந்ததும் கொஞ்சம் தெம்பாக இருந்தது. எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்தினார். தீவுக் கூட்டத்தின் வடக்கு முனையில், போர்ட் பிளேரிலிருந்து ஒரு நாள் முழுக்கப் பயணம் செய்ய வேண்டிய இடத்தில், ஒரு சின்ன விடுதி இருப்பதாகக் கண்டுபிடித்தார். இந்த முறை பட்டியல் அனுப்பவில்லை. பெயர் சொல்லவில்லை. ஊர் சொல்லவில்லை. அன்புச்செல்வியின் போனை வாங்கி அதிலிருந்து எண்ணை அழுத்தினார்.

நீளமாக மணி அடித்தது. எடுத்தவர் நரசிம்மலு, மேனேஜர். தமிழை இழுத்து இழுத்துப் பேசினார். அவர் பேச்சுக்குப் பின்னால் அலை அடிக்கும் சத்தம் கேட்டது. அதற்கும் பின்னால் யாரோ முனகுவதுபோல ஒரு பாட்டு.

"ஒரு குரூப்புக்கு ரூம் வேணுமுங்க" என்றார் நஞ்சுண்டன்.

"தெரியுமுங்க ஐயா. கிணத்துக்கடவு. பத்தொன்பது பேர்."

சன்னலுக்கு வெளியே தென்னை ஓலைகள் அசையவில்லை. ஆனாலும் உரசல் கேட்டது.

"யார் சொன்னது உங்களுக்கு?"

"அம்மாதான். காலையில இருந்து இங்கதான் உட்கார்ந்திருக்காங்க. அப்பா மத்த ரெண்டும் வேண்டாம்னுட்டு இங்கதான் பேசுவாங்கன்னு சொன்னாங்க." கொஞ்சம் தயங்கினார். "ஒரு விஷயம் ஐயா. எல்லாருக்கும் அடையாள அட்டை வேணும், கவர்மெண்ட் ரூல். அம்மா ஒண்ணு குடுத்தாங்க. செல்லுமான்னு தெரியல. அனுப்பறேன், பாருங்க."

போன் அதிர்ந்தது. படம் மெல்ல மெல்லத் தெளிந்தது. மணல். மணலில் இரண்டு தாழை மரங்கள். அவற்றுக்கு நடுவே கயிற்றால் கட்டிய ஒரு ஃப்ளெக்ஸ். கல்லூரியில் எடுத்த படம். பிறந்த தேதி. இறந்த தேதி. கீழே, இப்படிக்கு நஞ்சுண்டன் குடும்பத்தார்.

அந்த ஃப்ளெக்ஸைப் பதினாறாம் நாள் தம் கையால் கொளுத்தியவர் அவர். கருகிய மூலை மட்டும் படத்தில் தெரிந்தது. மற்றபடி முழுதாக இருந்தது. ஈரமாக இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால், இதே நாற்காலியில், இதே நேரத்தில் ஒரு போன் வந்தது. போர்ட் பிளேர் எண். லோகப்பிரியாவின் பக்கத்து வீட்டுப் பெண்ணாம். கட்டியவன் இங்க கூட்டிட்டு வந்து விட்டுப் போய் ரொம்ப நாளாச்சுங்க, தனியாத்தான் இருந்தாங்க, கடலுக்குப் போன இடத்துல இப்படி ஆகிப்போச்சு, ஆஸ்பத்திரியில வெச்சிருக்காங்க, சொந்தக்காரங்க கையெழுத்துப் போட்டாத்தான் குடுப்பாங்க. அந்தப் பெண் அழுதுகொண்டே மூன்று முறை கேட்டாள், நீங்க அப்பாதானுங்களே என்று.

அவர் குரல் நடுங்கவில்லை. "எங்க பொண்ணு செத்து ஒம்பது வருசமாச்சு. காரியமும் பண்ணிப்போட்டோம். ஒருத்திக்கு ரெண்டு தடவை காரியம் பண்ற வழக்கம் எங்ககிட்ட இல்லைங்க."

வைத்துவிட்டார். சுப்பாத்தாளிடம் சொல்லவில்லை. மகன் அருள்குமாரிடம் சொல்லவில்லை. கையெழுத்து யார் போட்டார்கள், போட்டார்களா, எரித்தார்களா, புதைத்தார்களா, ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ளவில்லை. முறைப்படி அவர் செய்தது சரி. இன்றைக்கும் சரி.

"ஐயா, இருக்கீங்களா?" என்றார் நரசிம்மலு.

"இருக்கேன்."

"உறவுமுறைன்னு ஒரு கட்டம் இருக்குங்க. அதை நீங்களே வாயால சொன்னாத்தான் எழுதணும்னு அம்மா சொல்றாங்க. வேற ஒண்ணும் வேண்டாமாம். ஒரே வார்த்தைதானாம்."

அலைச் சத்தம் நின்றது. பாட்டும் நின்றது. மறுமுனையில் யாரோ காத்திருந்தார்கள். பக்கத்து அறையில் சுப்பாத்தாள் எதையோ உருட்டும் சத்தம் கேட்டது. கதவு சாத்தித்தான் இருந்தது. சொன்னால் யாருக்கும் கேட்காது. ஒரு வார்த்தை. நாக்கில் உப்புக் கரித்தது.

அவர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

"அப்படி ஒருத்தி எங்க குடும்பத்துல இல்ல. பேரை அடிங்க. பதினெட்டுத்தான்."

பிறகு பேனா காகிதத்தில் கீறும் சத்தம். ஒரே கோடு. நீளமான கோடு.

"அடிச்சாச்சுங்க. இப்ப பதினெட்டு சரியா இருக்கு. படிக்கிறேன், கேட்டுக்கங்க." நரசிம்மலு படித்தார். சுப்பாத்தாள். அருள்குமார். அன்புச்செல்வி. பிரவீனா. ஒவ்வொன்றாக வந்தது. ஒன்பதாவதாக, லோகப்பிரியா. பிறகு சம்பந்தி வீட்டுப் பெயர்கள். பதினெட்டோடு முடிந்தது.

"என் பேரு?"

"எந்தப் பேருங்க?"

"நஞ்சுண்டன்."

காகிதம் புரளும் சத்தம். "அப்படி யாரும் இல்லைங்களே. நீங்க யாருங்க பேசறது?"

இணைப்பு அறுந்தது.

அவர் எழுந்தார். கதவைத் திறந்தார். கூடத்தில் யாருமில்லை. வெண்டைக்காய் பாதி நறுக்கியபடி கிடந்தது. மின்விசிறி சுற்றியது. "சுப்பு" என்று கூப்பிட்டார். சத்தம் வந்ததா என்று தெரியவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டார். சமையலறை. காலி. வேலைக்குப் போயிருந்த அருள்குமாரின் செருப்பு வாசலில் கிடந்தது. எப்போது வந்தான்?

பின்கட்டில் தண்ணீர் விழும் சத்தம்.

பின்வாசலுக்கு வந்தார். மோட்டார் ரூமை ஒட்டிய தொட்டிக்கு முன்னால் வீடு மொத்தமும் வரிசையாக நின்றது. இழவுக்குத் தலை முழுகுவதுபோல, உடுத்திய துணியோடு. மாலை வெயில் மஞ்சளாக விழுந்திருந்தது. யாரும் அழவில்லை. அருள்குமார் குனிந்தான். தொட்டியோரம் நின்ற ஒருத்தி அவன் தலையில் தண்ணீர் ஊற்றினாள். நிமிர்ந்து, தள்ளி நின்றான். அடுத்தது அன்புச்செல்வி. வேலை முடிப்பதுபோல. பொறுமையாக.

"டேய் அருளு" என்றார். "என்றா பண்றீங்க?"

யாரும் திரும்பவில்லை.

பிரவீனா தொட்டியருகே போய்ப் பாட்டியிடம் தாத்தாவுக்குரிய கணக்கைக் கேட்டாள். "அப்பாருக்கு எத்தனை சொம்புங்க ஆத்தா?"

"மூணு" என்றாள் சுப்பாத்தாள். அவள் ஏற்கெனவே நனைந்திருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. "மூணு ஊத்திப்போட்டு, திரும்பிப் பாக்காம உள்ள போயிரு கண்ணு."

சொம்பில் மொண்டு மொண்டு ஊற்றியவள் அவருக்கு முதுகு காட்டி நின்றாள். மூன்று முறை ஊற்றினாள். பிரவீனா நிமிர்ந்து, முகத்தை வழித்துவிட்டு நடந்தாள். பின்வாசல் படி ஏறி, அவர் நின்ற இடத்தின் வழியாகவே உள்ளே போனாள். அவர் மேல் ஈரம் பட்டது. வேறொன்றும் படவில்லை.

சுப்பாத்தாள் முந்தானையைப் பிழிந்து, ஊற்றியவளின் தலையை இழுத்துத் துவட்டினாள். பதினோரு வருடமாக அந்த வீட்டில் கேட்காத குரலில் பேசினாள்.

"போதும் அம்மணி. எத்தனை நேரம் தண்ணியிலயே நிப்ப? உள்ள வா."

அந்தத் தலை துவட்டத் துவட்ட, தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. முடியிலிருந்து, காதிலிருந்து, வாயிலிருந்து. நிற்கவில்லை. சுப்பாத்தாளின் தோளுக்கு மேல் அந்த முகம் மெதுவாக உயர்ந்தது. அந்த வீட்டில் அவரைப் பார்த்தது அவள் மட்டும்தான்.