இரண்டு கதவு மொரிஸ் மைனர்

ஆளே இல்லாத காரின் பின்பக்கம் தாழ்ந்திருந்தது.

லாபிருக்கு அது எடுத்த எடுப்பிலேயே கண்ணில் உறுத்தியது. அலவத்துகொடையில் கடை வைத்திருக்கும் மனிதன். வீட்டு முற்றத்தில் ஏற்கெனவே மூன்று பழைய கார்கள் நிற்கின்றன, மனைவி ஜெஸீமாவுக்கு உடுப்புக் காயப்போட இடமில்லை. பழைய கார் என்றால் அவனுக்கு அப்படியொரு கிறுக்கு. தெருவில் போகும் என்ஜின் சத்தத்தைக் கேட்டே, சோற்றில் வைத்த கையோடு, இது ஒஸ்டின், இது ஃபோக்ஸ்வேகன் என்று சொல்லிவிடுவான். கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டத்துப் பங்களாவில் ஐம்பதுகளின் மொரிஸ் மைனர் ஒன்று, இரண்டு கதவு வைத்தது, ஒரு ஆணிகூட மாற்றாமல் விலைக்கு நிற்கிறது என்று கேள்விப்பட்டால் சும்மா இருப்பானா? அவளையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டான்.

குனிந்து ஸ்பிரிங் பட்டைகளைத் தட்டிப் பார்த்தான். வெடிப்பில்லை. டிக்கியும் காலி. பின்சீட்டின் சிவப்புத் தோல் மட்டும் ஒரு பக்கம் குழிந்திருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே அந்தக் குழி இன்னும் கொஞ்சம் ஆழமானது போலிருந்தது.

"இஞ்ச பாருங்க, எனக்கு இது சரியாப் படல்ல. வாங்க, ஊட்டுக்குப் பெய்த்திடுவம்," என்றாள் ஜெஸீமா.

"ஒனக்கு என்ன தெரியும்? இது தங்கம் புள்ள, தங்கம்!"

பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் பேச்சியம்மா பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு சாவியை நீட்டினாள். "மழைக்கு முன்ன கெளம்பிருங்க முதலாளி," என்றாள். கொடுத்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே போனவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பிஸ்மி சொல்லிச் சாவியைத் திருகினான். முதல் இழுப்பிலேயே என்ஜின் பிடித்தது. மைனருக்கே உரிய அந்தப் படபடப்புச் சத்தம், பழைய தோலும் பெற்றோலும் கலந்த வாசம், உள்ளங்கையில் வழுக்கும் மெல்லிய ஸ்டியரிங் வளையம், எல்லாமாகச் சேர்ந்து அவனைச் சின்னப் பிள்ளையாக்கின. தேயிலைச் சரிவிலிருந்து பனிமூட்டம் இறங்கி, பின்னேரம் நாலு மணிக்கே பாதையை மூடியபோதுதான் இன்னொரு வாசம் தெரிந்தது. ஈரத் தலைமயிரை நெடுநாள் பொத்தி வைத்தது போன்ற வாசம். அது பின்னாலிருந்து வந்தது.

முதல் ஏற்றத்தில் கார் மூச்சுத் திணறியது. இரண்டு பேரை ஏற்றிய மைனர் இப்படி இழுக்காது என்பது லாபிருக்கு நன்றாகத் தெரியும். கியரை மாற்றினான்.

"என்ட சீட்டை ஆரோ முட்டுக்காலால தள்ற மாதிரி ஈக்கி," என்றாள் அவள்.

"ஸ்பிரிங் புள்ள."

இரண்டு கதவு மைனரில் பின்னால் இருப்பவர் இறங்குவதற்கு ஒரே வழிதான். முன்சீட்டில் இருப்பவர் முதலில் இறங்க வேண்டும், பிறகு அந்தச் சீட்டை முன்னால் மடக்க வேண்டும். ஜெஸீமாவின் சீட்டு அவளோடு சேர்ந்து, மெதுவாக, முன்னால் மடங்கத் தொடங்கியது. அவளுடைய நெற்றி முன்கண்ணாடியை நெருங்கியது.

"நிப்பாட்டுங்க! யா அல்லாஹ், நிப்பாட்டுங்க!"

பிரேக்கை மிதித்தான். அவள் கதவைத் தள்ளிக் குதித்து, வெள்ளை முக்காடு பறக்கப் பனிமூட்டத்துக்குள் ஓடினாள். ஓர் ஆள் இறங்கினால் கார் கொஞ்சமாவது உயர வேண்டும். உயரவில்லை.

அவனும் இறங்கியிருப்பான். ஆனால் பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் கார் பள்ளத்தைப் பார்த்து உருண்டது. குனிந்து இரண்டு கையாலும் ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். பயத்தில் காவலுக்கு ஓதும் குர்சி ஆயத்தை ஓதப் பார்த்தான். ஜெஸீமா இறங்கிய இடப்பக்கக் கதவு சாத்தப்படும் சத்தம். பிரேக் பிடித்தது. கார் நின்றது.

நிமிர்ந்தான். பக்கத்துச் சீட்டு காலி. பின்பக்கம் காட்டும் கண்ணாடியில், பின்சீட்டில், வெள்ளை முக்காடு.

"ஜெஸீமா? என்னத்துக்குப் பின்னால ஏறின?"

"குளிருது." அவள் குரலேதான். "என்ன எறக்கி விடுங்க. அந்தப் பக்கத்தால எறங்க ஏலாம ஈக்கி."

கொஞ்சம் நின்று யோசித்திருக்கலாம். பயந்தவனுக்கு ஏது யோசனை? என்னவோ இருக்கும் அந்தச் சீட்டில் என் ஜெஸீமா! அந்த ஒன்றுதான் அவன் நெஞ்சில் அறைந்தது. இவளுக்கு ஏதும் ஆகிவிட்டால் ஊரிலுள்ள பழைய காரையெல்லாம் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பாய்ந்து இறங்கினான். தன் சீட்டை மடக்கினான். கையை உள்ளே நீட்டினான்.

"வா! கையத் தா! வா புள்ள!"

ஒரு கை வந்தது. இறுகப் பிடித்தது. பனிக்கட்டிக் குளிர். இழுத்தான். கனத்தது. பல்லைக் கடித்து இழுத்தான். ஒரு கால் தாரில் பதிந்தது. வெறுங்கால். ஜெஸீமா செருப்போடு வந்தவள்.

பின்னால், பனிமூட்டத்துக்குள்ளிருந்து, அழுது கம்மிய குரல்.

"இஞ்ச பாருங்க... நான் இஞ்ச ஈக்கிறன். நீங்க ஆர எறக்கிற?"

லாபிர் கையை விட்டான்.

அந்தக் கை விடவில்லை.