வரித்த பகை

மேசையைச் சுற்றி மூன்று பேர் இருந்தார்கள். ஆட்டத்தில் ஆடுபவர் ஏற்கும் வேட்டன் என்ற வில்லாளியை வடிவமைத்த டெல்பின். அவனைச் சோதிக்க நிறுவனம் அனுப்பிய சங்கரி. டெல்பினின் தம்பி சுவக்கின். நான்காவதாகக் கதைமேசையையும் சொல்ல வேண்டும். ஆட்டத்தை நடத்துவது அதுதான். கீழ்வீட்டில் அப்பா கஸ்பார் இருந்தார். அவரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று சுவக்கின் வந்ததுமே சொல்லிவிட்டான்.

கதைமேசை வந்த பிறகு எதிரிகளை யாரும் எழுதுவதில்லை. ஆடுபவர் மணிக்கட்டில் நாடிப்பட்டை கட்டிக்கொண்டால் போதும். அவர் யாரை மன்னிக்கவில்லையோ, அந்த ஆளைக் கொண்டே மேசை ஓர் அரக்கனைச் செய்துவிடும். டெல்பினின் வேட்டனுக்கு 'வரித்த பகை', அதாவது தானே தேர்ந்துகொண்ட பகை, என்றொரு திறன். பகையை அறிய அறிய அவன் அம்பு கூர்மையாகும். ஆடுபவர் கவனித்தும் யோசிக்காமல் விட்டதை நாடியிலிருந்து தோண்டி மேசை சொல்லும். ஓர் உண்மைக்கு ஒரு பகடை; உருட்டினால் அம்பு பாயும்.

கணக்கில் பிழை இல்லை. ஆனால் இதுவரை ஆடிய ஒருவர்கூடக் கடைசியில் பகடையை உருட்டவில்லை. இன்றும் அரக்கன் சாகாவிட்டால் வேட்டனை ஆட்டத்திலிருந்தே தூக்கிவிடுவார்கள். இரண்டு வருட உழைப்பு.

அதனால்தான் தம்பியை அழைத்தாள். அவளுக்குத் தெரிந்தவர்களில் வெறுப்பு ஆறாதவன் அவன்தான். படிப்பைப் பாதியில் விட்டு வந்த இரவில் அப்பா அவனை வாசலில் நிறுத்திக் கதவைப் பூட்டினார். பிறகு அவன் அந்த வாசலை மிதிக்கவில்லை. இன்றும் பக்கவாட்டு இரும்புப் படியில்தான் ஏறி வந்தான்.

"யோசிக்காம உருட்டணும்ல," என்றாள் டெல்பின்.

"ஒரே அம்புல முடிச்சுத் தாரேன். பொறவு நீ பரோட்டா வாங்கித் தரணும்."

"இவரு உருட்டிருவாரு," என்று சங்கரி சிரித்தாள்.

மேசைமேல் கற்கோட்டை எழுந்தது. அதன் வாசலில் அரக்கன்.

"வலது குதிகாலை ஊன்றாமல் நடப்பான்," என்றது மேசை.

"வள்ளத்துல அடிபட்ட காலு," என்று முணுமுணுத்துப் பகடையை எடுத்துக்கொண்டான் சுவக்கின்.

"கதவைப் பூட்டுமுன் தெருவை ஒருமுறை பார்ப்பான்."

"எல்லாரும் வீடு வந்தாச்சான்னு பாப்பாரு." இரண்டாவது பகடை.

"உன்னை வெளியே விட்டுப் பூட்டிய இரவில், பூட்டிய பிறகு காலடி கேட்கவில்லை. அவன் கதவுக்குப் பின்னாலேயே நின்றான்."

சுவக்கின் மூன்றாவது பகடையைத் தொடவில்லை.

"உருட்டுங்க," என்றாள் சங்கரி.

"அக்கா, அன்னைக்கி நான் எம்புட்டு நேரம் வாசல்ல நின்னேன்?"

"விடியுற வரைக்கும் நின்னியேல."

கையிலிருந்த பகடைகளை அக்காவின் உள்ளங்கையில் வைத்துவிட்டு அவன் எழுந்து கீழே போனான்.

சங்கரி பெருமூச்சு விட்டாள். "அந்த உண்மையெல்லாம் வேணாங்க. எடுத்துடுங்க. பகடைய மட்டும் குடுங்க. அம்ப விட்டுட்டுப் போகட்டும்."

"பகையத் தெரியாதவன் என்ன வேட்டன்? வெறும் வில்லு."

"அப்ப வேட்டனே கிடையாது." சங்கரி பையை எடுத்துக்கொண்டாள்.

டெல்பின் பாதிப் படி இறங்கி நின்றாள். கீழே சுவக்கின் கதவைத் தட்டக் கை ஓங்கியிருந்தான். தட்டுவதற்குள் கதவு திறந்தது.

"நீ மேல போவும்போதே கேட்டுச்சு," என்றார் கஸ்பார். "ஒரு படி விட்டு ஒரு படி தாண்டுத பழக்கம் இன்னும் போகலியால?"

போன வாரம் அப்பா ஆடியபோது மேசை அவருடைய அரக்கனைப் பற்றிச் சொன்னதும் படி தாண்டும் அதே பழக்கம்தான். அவரும் பகடையை உருட்டவில்லை. கிழவருக்கு ஆட்டம் புரியவில்லை என்று அந்தச் சோதனையை டெல்பின் கழித்துவிட்டிருந்தாள்.

"சாப்ட்டியா?"

"இல்லப்பா."

"உள்ள வா."

அவன் உள்ளே போனதும் கஸ்பார் பழக்கத்தில் தெருவை ஒருமுறை பார்த்தார். பிறகு கதவைச் சாத்தி, தன் பகையை உள்ளே வைத்துப் பூட்டினார்.