கேரவன் பூங்காவின் விளையாட்டுப் பெட்டி

பெட்டி முழுக்கத் தூசி அப்பிக் கிடந்தது. கைப்பிடியின் சிவப்புக் குமிழ் மட்டும், இப்போதுதான் யாரோ பிடித்து ஆடிவிட்டுப் போனதுபோலப் பளபளத்தது.

“முப்பது வருஷமா யாருமே தொடலைன்னீங்க?” என்றாள் லொரெய்ன்.

“தொடலை.”

க்ளைவ் அவள் கொட்டகை வாசலிலேயே நின்றார். பர்னி ஊரின் குளிர்கால மழை அவர் முதுகை நனைத்துக்கொண்டிருந்தது.

“உள்ள வாங்க. பெட்டி கடிக்காது.”

“இங்கயே நல்லாத்தான் இருக்கு.”

காசு போட்டு ஆடும் பழைய வீடியோ விளையாட்டுப் பெட்டிகளைப் பழுதுபார்ப்பதுதான் லொரெய்னின் தொழில். அந்தக் கடற்கரை நெடுக மீன் வறுவல் கடை, மதுக்கடை எதிலிருந்து பெட்டி வந்தாலும் அவளிடம்தான் வரும். பொய் சொல்பவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறாள். விடுமுறைக்கு வருகிறவர்கள் வண்டிவீடுகளில் தங்க, நீச்சல் குளத்தோடு க்ளைவ் நடத்திவந்த கேரவன் பூங்காவை அவர் மூடியது ஊரறிந்த விஷயம். ஏன் மூடினார் என்று யாருக்கும் தெரியாது.

அவள் பெட்டியைச் சுற்றி வந்தாள். ஈரம் ஏறி அடிப்பலகை உப்பியிருந்தது. பக்கவாட்டுப் படம் தோல்போல உரிந்து தொங்கியது. காசுக்கதவு துருவேறி இறுகிவிட்டிருந்தது. முப்பது வருடப் பெட்டிக்கு இதெல்லாம் சரிதான். ஆனால் எலிப்புழுக்கை ஒன்றுகூட இல்லை. ஏன் எலி அண்டவில்லை?

“இதுல என்னதான் கோளாறு?”

“சத்தம் நிக்க மாட்டேங்குது. ஆடுற சத்தம். அதை மட்டும் நிறுத்திக் கொடு, லொரெய்ன். ஓடணும்னு இல்லை.”

ஓட வேண்டாத பெட்டிக்கு எதற்குப் பழுதுபார்ப்பு? எங்கிருந்தாவது தூக்கிக்கொண்டு வந்துவிட்டாரா? சந்தேகத்தோடே பின்பலகைத் திருகுகளைக் கழற்றினாள். எட்டுத் திருகுகளும் துருவில் ஒட்டிக்கொண்டிருந்தன. பல வருடமாக யாரும் திறக்கவில்லை என்பதாவது உண்மை. பலகை பெயர்ந்ததும் வழக்கமான பழைய சிகரெட் வாடையை எதிர்பார்த்து மூக்கைச் சுளித்தாள். வந்ததோ குளோரின் வாசனை. நீச்சல் குளத்திலிருந்து அப்போதே கரையேறிய ஈரத்தலையின் வாசனை.

கைவிளக்கை உள்ளே பிடித்தாள். முழங்கைவரை கையை விட்டுத் துழாவினாள்.

“க்ளைவ், இது வெறும் கூடு. படக்குழாய் இல்லை, சர்க்யூட் இல்லை, ஒரு வயர்கூட இல்லை. சத்தம் எங்கேர்ந்து வரும்? யாரை ஏமாத்தப் பார்க்குறீங்க?”

அவர் முகம் வெளுத்தது.

“காலையிலகூடக் கேட்டேனே,” என்றார் மெல்ல.

டக்.

முன்பக்கம். பொத்தான் அமுங்கும் ஒலி. அவளுக்குப் பழகிய ஒலி.

அவரைப் பார்த்தாள். இரண்டு கையும் கோட்டுப் பைக்குள் இருந்தன.

டக். டக்டக்.

“விளையாடாதீங்க.”

“நான் இல்லை.” அவர் பின்வாங்கினார். “பூங்காக் குளத்துல ஏதாவது ஆச்சான்னு மட்டும் கேட்காதே.”

அப்படியொரு கேள்வியை அவள் கேட்டிருக்கவேயில்லை.

வண்டிக் கதவு அறைந்து சாத்தப்பட்டது. எஞ்சின் உறுமியது. மழைக்குள் தேய்ந்து மறைந்தது.

டக்டக்டக்.

ஒரு எட்டு வைத்தாள். இன்னொன்று. முன்பக்கம் வந்தாள்.

பொத்தான்கள் நின்றன.

படம் தெரிய வேண்டிய இடத்தில் இருண்ட கண்ணாடி. அதன் உட்புறம் தூசி. சற்றுமுன் அவள் துழாவிய அதே வெறுமை அதன் பின்னால்.

அந்தத் தூசியில், உள்ளிருந்து, ஒரு சின்ன உள்ளங்கை ஈரமாகப் பதிந்தது. பிறகு மெல்ல, வட்டமாக, அவள் முகத்துக்கு நேராக, வெளியே பார்க்க இடம் துடைக்கத் தொடங்கியது.